காயிலை மாற்றும் முன் கரண்ட்டை அளந்து பாருங்கள்

குமரிக் கடற்கரையில் அவுட்போர்டு இன்ஜின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்



வள்ளத்தின் அமரத்தில் தொங்கும் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் இன்னும் கடலுக்குப் போய்த் திரும்புகின்றன என்றால் அதில் பெரும்பங்கு உங்கள் கைகளுடையது. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். இன்ஜின் கிளம்பவில்லை, பிளக்கில் கரண்ட் வரவில்லை என்று தெரிந்தவுடன் சி.டி.ஐ. பெட்டியையோ காயிலையோ மாற்றிப் பார்ப்பது கரையோரத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோனது என்று அளந்து கண்ட பிறகே உரிமையாளரைப் பொருள் வாங்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பழைய இன்ஜினுக்கு அசல் பொருள் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் திவாலானது. அதன் பிறகு வேறு கையில் தொடர்ந்த எவின்ரூட்டின் தயாரிப்பும் 2020இல் நின்றுவிட்டது. யமஹா, சுசுகி மாடல்களுக்குப் பொருள் கிடைத்தாலும் போலியும் கூடவே வருகிறது. இந்த நிலையில் ஊகத்தில் மாற்றும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு குடும்பத்தின் பல நாள் கடல் வருமானத்தைத் தின்றுவிடும். பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. உண்மையான கோளாறு உள்ளேயே இருக்க, தற்செயலாகக் கிளம்பிய இன்ஜினோடு ஆட்கள் கரை தெரியாத தூரம் போய்விடுகிறார்கள்.

முதலில் நாம் எல்லோரும் செய்கிற அந்தச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். பிளக்கைக் கழற்றி, கேப்பை மாட்டி, ஹெட்டின் மேல் வைத்துக் கயிற்றை இழுக்கிறோம். பொறி தெரிந்தால் ‘கரண்ட் இருக்கு’ என்கிறோம், தெரியாவிட்டால் ‘இல்லை’ என்கிறோம். இரண்டு முடிவுமே நம்பத்தக்கவை அல்ல. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் போதும். ஆனால் காற்றை அழுத்த அழுத்த அதே இடைவெளியைத் தாண்டத் தேவைப்படும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது, வெளியே தாண்டிய அதே பொறி உள்ளே தாண்டாமல் போகலாம். அப்போது மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்குகிறார், மண்ணெண்ணெயைக் குறை சொல்கிறார், நாள் போய்விடுகிறது. மறுபக்கம், நல்ல பொறியே கடற்கரை வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. பிளக்கின் திருகுமரையில் கரியும் எண்ணெயும் படிந்து, பாடியோடு சரியாகத் தொடாமல் இருப்பதும் உண்டு. அப்படிப் பார்த்து ‘கரண்ட் செத்துப்போச்சு’ என்று சொல்லும்போது, சாகாத காயில் ஒன்றுக்கு மரண ஓலை எழுதிவிடுகிறோம்.

இதற்குத் தீர்வு விலை உயர்ந்த கருவி அல்ல. காய்ந்த மரத்துண்டு ஒன்றில் கூரான இரண்டு திருகாணிகளை நேருக்கு நேர் வைத்து, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும்படி செய்துகொண்டால் போதும். ஒரு திருகாணி பிளக் வயருக்கு, மற்றொன்று நல்ல கிளிப்போடு கூடிய வயர் வழியாக பாடிக்கு. யமஹா சர்வீஸ் கையேடுகள் பொதுவாக 9 மி.மீ. இடைவெளியைச் சொல்கின்றன. பழைய ஜான்சன், எவின்ரூட் சி.டி.ஐ. இன்ஜின்களுக்கு 7/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11 மி.மீ.; பாயிண்ட் வைத்த இன்னும் பழைய இன்ஜின்களுக்குக் கால் அங்குலம். அந்த இடைவெளியை நீல வெள்ளை நிறத்தில், ‘சட் சட்’ என்ற சத்தத்தோடு, ஒவ்வொரு இழுப்பிலும் தவறாமல் தாண்டினால்தான் அது கரண்ட். மஞ்சளாக மெலிந்து விட்டுவிட்டு வந்தால் அது பாதிக் கரண்ட். சோதனையை நிழலில் செய்யுங்கள். பிளக் துளைகளிலிருந்து வரும் எரிபொருள் ஆவியில் பொறி பற்றாதபடி மரத்துண்டைத் தள்ளி வையுங்கள். சோதனை செய்யாத மற்ற வயரை அந்தரத்தில் விடாமல் பாடியோடு இணையுங்கள். போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலின் காப்பையோ பெட்டியையோ உடைத்துக்கொண்டு போகும், அதோடு சோதனையே புதுப் பழுதை உண்டாக்கிவிடும்.

இந்த ஒரு சோதனை தரும் செய்தி மிகப் பெரியது. இரண்டு சிலிண்டரிலும் ஒரேயடியாகக் கரண்ட் இல்லை என்றால், இரண்டு காயில்கள் ஒரே நேரத்தில் பழுதாவது அரிது என்பதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்கவேண்டும்: ஸ்டாப் வயர், எர்த், சார்ஜ் காயில், சி.டி.ஐ. ஒன்றில் மட்டும் இல்லை என்றால், அந்தச் சிலிண்டருக்கே உரிய வயர், கேப், காயில், பல்சர். ஒரே காயிலின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கும் இன்ஜின்களும் உண்டு. அவற்றில் கரண்ட் ஒரு பிளக்கைத் தாண்டி மற்றப் பிளக் வழியாகத் திரும்புகிறது. ஒரு பக்கத்து வயர் அறுந்தாலே இரண்டு பக்கமும் கெடும். இன்ஜின் எந்த அமைப்பு என்று தெரியாமல் பொருளை மாற்றுவது, எந்தச் சிலிண்டரில் கோளாறு என்றே தெரியாமல் கை வைப்பதற்குச் சமம்.

கரண்ட் இல்லை என்று உறுதியானதும் முதலில் தொடவேண்டியது ஸ்டாப் வயர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிளைவீலின் காந்தம் சுற்றும்போது அடியில் உள்ள சார்ஜ் காயிலில் கரண்ட் பிறக்கிறது. அது சி.டி.ஐ. பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சரில் சேர்கிறது. பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அந்தச் சேமிப்பு முழுவதும் இக்னிஷன் காயிலுக்குள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பல்லாயிரம் வோல்ட்டாக வெளிவருகிறது. சிறிய அவுட்போர்டுகளில் இன்ஜினை நிறுத்தும் பட்டன் செய்வது, சார்ஜ் காயிலின் கரண்ட்டைப் பாடிக்குத் திருப்பிவிடுவது மட்டுமே. அப்படியானால் பட்டனுக்குள் உப்பு நீர் புகுந்தாலும், அதன் வயர் டில்லர் கைப்பிடி மடங்கும் இடத்தில் தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும், மணிக்கட்டில் மாட்டும் கயிற்றின் கிளிப் சரியாக உட்காராவிட்டாலும், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது போன்ற நிலைதான். காயில், பெட்டி எல்லாம் நலமாக இருந்தும் ஒரு பொறிகூட வராது. கடலில் ஓடும் இன்ஜினில் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு அலையில் நனைகிற பகுதி இந்தப் பட்டன்தான். பிசின் ஊற்றி மூடிய சி.டி.ஐ. பெட்டியோ கௌலிங்குக்குள் பத்திரமாக இருக்கிறது. எது முதலில் கெட வாய்ப்பு அதிகம்? யமஹாவில் பெரும்பாலும் வெள்ளையாக வரும் அந்த ஸ்டாப் வயரின் இணைப்பை மட்டும் பிரித்துவிட்டுக் கயிற்றை இழுங்கள். கரண்ட் வந்துவிட்டால் பழுது பட்டனிலோ அதன் வயரிலோ கிளிப்பிலோ இருக்கிறது, கதை முடிந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த வயர் பிரிந்திருக்கும்போது இன்ஜின் கிளம்பிவிட்டால் பட்டனால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ எரிபொருளை அடைத்தோதான் நிறுத்தவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

அடுத்தது எர்த். அலுமினியப் பாடியில் உப்புக்காற்று படிய, போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். அந்த ஆக்சைடு கரண்ட்டைக் கடத்தாது. பல இன்ஜின்களில் காயிலுக்குத் திரும்பும் வழியே அதைப் பிடித்திருக்கும் போல்ட்தான். புதுக் காயில் வாங்கி அதே பூத்த இடத்தில் பெயின்ட்டின் மேலேயே இறுக்கினால் அதுவும் வேலை செய்யாது. அல்லது போல்ட்டைக் கழற்றி இறுக்கியதாலேயே வேலை செய்யத் தொடங்கும். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை மாற்றும்போது நாம் ஒரு காரியம் மட்டும் செய்வதில்லை. கனெக்டரைக் கழற்றுகிறோம், முள்ளில் படிந்த உப்பு உரசிப்போகிறது. எர்த் போல்ட்டைத் திருகுகிறோம், ஆக்சைடு நகர்கிறது. மடங்கிய வயரை நிமிர்த்துகிறோம். இன்ஜின் கிளம்பியதும் நல்ல பெயர் புதிய பெட்டிக்குப் போகிறது. பழைய பெட்டி குப்பைக்குப் போகிறது. உண்மையான காரணம் சில வாரங்களில், மீண்டும் உப்புப் படிந்ததும், நடுக்கடலில் தலைகாட்டுகிறது. அளக்காமல் மாற்றுவதில் செலவு மட்டுமல்ல, கோளாறின் தடயமும் சேர்ந்தே அழிகிறது. ஆகவே எதையும் கழற்றும் முன், இருந்தது இருந்தபடியே, மீட்டரின் ஒரு முனையைக் காயிலின் இரும்பிலும் மறு முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பாடியிலும் வைத்துத் தடையைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இல்லை என்றால் கோளாறு கைக்கு வந்துவிட்டது.

மீட்டர் என்றதும் வரும் மறுப்பை அறிவேன். ‘மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது, கரண்ட் மட்டும் வரவில்லை, மீட்டரை நம்பி என்ன பயன்?’ இது நியாயமான கேள்வி. ஓம் அளக்கும்போது மல்டிமீட்டர் காயிலுக்குள் அனுப்புவது தன் பேட்டரியின் சில வோல்ட் மட்டுமே. இருபதாயிரம் வோல்ட்டில் மட்டும் கசிகிற காப்புச் சிதைவு அந்தச் சில வோல்ட்டில் தெரியாது. எனவே ஓம் கணக்கு சரியாக இருந்தால் காயில் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. கணக்கு வெகுவாகத் தவறினால் காயில் கெட்டது என்று முடிவுகட்டலாம். அதன் எல்லை அவ்வளவுதான். அந்த எல்லைக்குள்ளும் இரண்டு இடத்தில் தவறு நேர்கிறது. கையேட்டு அளவுகள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்குக் கொடுக்கப்பட்டவை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். குமரியின் 35 டிகிரி மதியத்தில் நல்ல காயிலே 6 சதவீதம் அதிகமாகக் காட்டும். அதைப் பழுது என்று எழுதக்கூடாது. இன்னொன்று, இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்று ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கும். மீட்டர் வயர்களின் தடையே அதில் பாதி அளவு வந்துவிடும். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். கேப்புக்குள் ரெசிஸ்டர் இருந்தால் அதைத் திருகிக் கழற்றிவிட்டு வயரோடு அளந்தால்தான் இரண்டாம் சுற்றின் உண்மையான எண் கிடைக்கும்.

வோல்டேஜ் அளப்பதிலும் இதே கதை. சார்ஜ் காயிலிலிருந்து வருவது கணநேரத் துடிப்பு. சாதாரண மீட்டரின் ஏ.சி. அளவு அதைப் பிடிக்காமல் மிகக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து நல்ல சார்ஜ் காயிலைத் தூக்கிப் போடுகிறோம். துடிப்பின் உச்சத்தைப் பிடித்துவைக்கும் பீக் வோல்டேஜ் அடாப்டர் என்ற சிறு இணைப்பை மீட்டரோடு மாட்டினால்தான் உண்மை தெரியும். கயிறு இழுக்கும் வேகத்திலேயே சார்ஜ் காயிலின் உச்சம் பொதுவாக நூறு வோல்ட்டைத் தாண்டும். மாடலுக்கு மாடல் எண் மாறும், கையை வைத்தால் பலமாக அடிக்கும். அந்த வோல்டேஜ் பெட்டிக்குள் போகிறது, பல்சரின் சைகையும் போகிறது, எர்த் நலம், ஸ்டாப் வயர் பிரித்தாயிற்று, ஆனால் பெட்டியிலிருந்து காயிலுக்குப் போகும் வயரில் ஒன்றும் இல்லை. அப்போதுதான், அப்போது மட்டும்தான், சி.டி.ஐ. கெட்டது என்று சொல்ல உரிமை வருகிறது. பெட்டியை நேரடியாகப் பிரித்துச் சோதிக்க வழியில்லை. மற்றவை எல்லாம் நல்லவை என்று நிரூபணமான பின் மிச்சப்படுவதுதான் அது. கடைசியாக வரவேண்டியதை முதலில் வைத்துவிட்டோம். நம் வழக்கத்தின் கோளாறு அங்கேதான்.

பாயிண்ட் வைத்த மிகப் பழைய இன்ஜின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினில் பாயிண்ட் முகத்தில் கறை படிந்திருக்கும். சுத்தமான தடித்த காகிதத்தைக் கரைப்பானில் நனைத்து இடையே இழுத்தாலே பெரும்பாலும் சரியாகும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; அதன் தூள் இடையில் தங்கினால் பழைய கறையைவிட மோசம். ஜான்சன், எவின்ரூட்டில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. பாயிண்ட் முகம் கருகிக்கொண்டே இருந்தால் கண்டென்சரைப் பாருங்கள்.

கண்டுபிடிக்கக் கடினமானது, அரை மணி நேரம் ஓடியபின் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும் இன்ஜின். சூட்டில் காயிலுக்குள் இருக்கும் நூல்போன்ற கம்பி விரிந்து தொடர்பு விட்டுவிடும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். கரையில் ஆறிய இன்ஜினை எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் நலம் என்றே காட்டும். இத்தகைய இன்ஜினைத் தொட்டியில் வைத்துச் சூடேறி நிற்கும்வரை ஓட்டி, நின்ற அந்த நிமிடமே இடைவெளிச் சோதனையைச் செய்யவேண்டும். உரிமையாளரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: எப்படி நின்றது? பட்டனை அழுத்தியது போலச் சட்டென்று நின்றால் சந்தேகம் கரண்ட் மேல். ஏங்கி ஏங்கி, வேகம் ஏறி இறங்கி, டியூபில் உள்ள பல்பைப் பிசைந்ததும் உயிர் வந்தால் சந்தேகம் எரிபொருள் மேல். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். மண்ணெண்ணெய் இன்ஜினில் இன்னொரு கேள்வி: நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினீர்களா? மாற்றாமல் நிறுத்தினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாமல் பிளக்கை நனைத்துவிடும். நனைந்து கரி படிந்த பிளக்கில் கரண்ட் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே கசிந்துபோகும். இது இக்னிஷன் கோளாறு போலவே நடிக்கும். இடைவெளிச் சோதனையில் கரண்ட் நன்றாக இருக்கும்.

கரண்ட் நன்றாக இருந்தும் கிளம்பாமல், கயிறு கையைப் பின்னுக்கு இழுத்தால் பிளைவீலின் கீயைப் பாருங்கள். சரியாக இறுக்காத நட்டால் கீ பாதி வெட்டுப்பட்டு, பொறி தவறான நேரத்தில் விழும். பிளைவீலை அதன் நடுவில் உள்ள மரைத்துளைகளில் புல்லர் மாட்டித்தான் எடுக்கவேண்டும். விளிம்பைப் பிடித்து இழுத்தாலோ சுத்தியலால் அடித்தாலோ காந்தம் விரிசல் விடும், கிராங்க் கெடும். அமுக்கம் குறைந்த சிலிண்டருக்கு எவ்வளவு நல்ல கரண்ட் கொடுத்தும் பயனில்லை என்பதால் கம்ப்ரஷன் மீட்டரை முதலிலேயே ஒருமுறை மாட்டிவிடுவது நல்லது.

‘நள்ளிரவில் வள்ளம் இறங்கவேண்டும், இவ்வளவுக்கும் நேரம் எங்கே?’ என்பீர்கள். ஸ்டாப் வயரைப் பிரித்து இழுத்துப் பார்க்க ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது. எர்த் பார்க்கவும் அவ்வளவுதான். கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கி வருவதற்குள் சோதனைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். வேறொரு வள்ளத்திலிருந்து நல்ல பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதும் சோதனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முழுமையாகச் செய்யுங்கள்: கடன் பெட்டியில் கிளம்பிய பின், பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். கோளாறு திரும்பி வந்தால் பெட்டிதான் குற்றவாளி. வராவிட்டால் கனெக்டரையும் எர்த்தையும் தேடுங்கள். சார்ஜ் காயிலோ ஸ்டாப் வயரோ கெட்டிருந்தால் பெட்டி மாற்றியும் கிளம்பாது, உங்கள் நேரம்தான் இரட்டிப்பாகப் போகும்.

‘முப்பது வருட அனுபவம் இருக்கிறது, சத்தத்திலேயே தெரிந்துவிடும்’ என்பவர்களும் இருக்கிறார்கள். தெரியும் என்பதை நம்புகிறேன். எங்கே முதலில் பார்க்கவேண்டும் என்பதை அந்த அனுபவம் எந்தக் கையேட்டையும்விட வேகமாகச் சொல்லும். ஆனால் மூடிய காயிலுக்குள் கம்பி அறுந்ததா என்பதை எந்தக் காதாலும் கேட்க முடியாது. அனுபவம் இடத்தைக் காட்டட்டும், அளவு தீர்ப்புச் சொல்லட்டும். உங்களிடம் வேலை பழகும் பையன்களை நினைத்தாலும் இதுதான் சரி. சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் திறமையை ஒரு வருடத்தில் கைமாற்ற முடியாது; அளக்கும் முறையை ஒரு மாதத்தில் கைமாற்றிவிடலாம்.

கையேடு இல்லை, இருந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது இன்னொரு தடை. அதற்கு நம் கரையிலேயே விடை இருக்கிறது. ஒரே ஊரில் ஒரே மாடல் இன்ஜின்கள் வரிசையாக நிற்கின்றன. நன்றாக ஓடுகிற இன்ஜின் சாதாரண சர்வீஸுக்கு வரும்போது, அதன் சார்ஜ் காயில், பல்சர், இக்னிஷன் காயில் ஒவ்வொன்றின் ஓமையும் உச்ச வோல்டேஜையும், மாடல் எண்ணோடும் அன்றைய வெப்பத்தோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அப்படிச் சேரும் எண்கள் உங்கள் மீட்டருக்கும், உங்கள் வெயிலுக்கும், உங்கள் கயிறு இழுக்கும் வேகத்துக்கும் பொருந்தியவை. அந்த வகையில் கையேட்டு எண்ணைவிட உங்களுக்கு அதிகம் உதவும். பக்கத்து ஊர் மெக்கானிக்கோடு அந்த நோட்டைப் பகிர்ந்துகொண்டால் தொழில் போட்டியில் தோற்றுவிடுவோம் என்று அஞ்சவேண்டாம். சரியாகக் கண்டுபிடிக்கிறவர் என்ற பெயர்தான் வாடிக்கையாளரைக் கொண்டுவரும். கழற்றிய பழைய பொருளையும், அதில் அளந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று அவர் பார்க்கட்டும். அந்தப் பொருள் நல்லதென்று பின்னால் தெரிந்தால், கடலில் மாற்றுப் பொருளாக அவருக்கே உதவும்.

ஒரு வேண்டுகோள் பாக்கி இருக்கிறது. சோதனைக்காகப் பிரித்த ஸ்டாப் வயரைத் திரும்ப மாட்டாமல், ‘பட்டன் கெட்டுவிட்டது, சோக்கில் நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று இன்ஜினை அனுப்பிவிடாதீர்கள். டில்லரைப் பிடித்தவர் தண்ணீரில் விழும்போது புரொப்பெல்லரை நிறுத்துவது மணிக்கட்டில் மாட்டிய அந்தக் கயிறுதான், அது வேலை செய்வதும் இதே வயரின் வழியாகத்தான். புதுப் பட்டனோ கிளிப்போ போட்டு, வயரை இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒருமுறை பட்டனால் நிறுத்துங்கள். இன்னொரு முறை கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். இரண்டிலும் நின்ற பிறகு வள்ளத்துக்கு அனுப்புங்கள்.